சேக்கல், லிப்ரா, தாலந்து: பழைய எடைகளைக் கிராமுக்குக் கொண்டுவரும் வழி

யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் அடக்கத்துக்காக நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து "ஏறக்குறைய நூறு இராத்தல்" கொண்டுவந்தான் என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்கிறது. அது எத்தனை கிலோ? பாண் கடையில் 'இறாத்தல்' என்று கேட்டுப் பழகிய இலங்கைத் தமிழர் என்றால் 453.6 கிராமால் பெருக்கி, 45 கிலோ என்று சொல்லிவிடுவார். அது பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த பவுண்டு. யோவான் எழுதிய கிரேக்கத்தில் இருப்பது லிட்ரா, அதாவது ரோமானியரின் லிப்ரா. அதன் எடை சுமார் 327 கிராம்தான். அப்படியானால் விடை 33 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஓர் எண்ணை மாற்றி எடுத்ததில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் பிசகிவிட்டது.

கணக்கு என்னவோ மூன்றாம் வகுப்புக் கணக்குதான். எத்தனை அலகு என்பதை, ஓர் அலகுக்கு எத்தனை கிராம் என்பதால் பெருக்க வேண்டும். முதல் எண்ணை நூலே தந்துவிடும். இரண்டாவது எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கருவிகள் அந்தத் தேர்வை நம்மைக் கேட்காமலே செய்துவிட்டு, தசமத்துக்குப் பின் எட்டு இலக்கம் வேறு காட்டும். அவற்றை நம்பாமல் நாமே போடுவது எப்படி என்று பார்ப்போம். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

முதலில், அது எடைதானா?

பழைய நூல்களில் வரும் அளவுகளில் பாதி எடையே அல்ல. எப்பா, ஓமர், ஈன், பாத் ஆகியவை எபிரெயரின் முகத்தல் அளவுகள். மோடியஸ், ஆம்ஃபோரா, செக்ஸ்டேரியஸ் ஆகியவை ரோமானியரின் முகத்தல் அளவுகள். இவற்றுக்கு விடை லிட்டரில்தான் வரும். கிலோ வேண்டுமென்றால் எந்தப் பொருள் என்று தெரிந்தாக வேண்டும். ஒரு படி நெல்லும் ஒரு படி உப்பும் ஒரே எடை இல்லை.

ரூத் கதிர் பொறுக்கித் தட்டி எடுத்த வாற்கோதுமையைப் பழைய மொழிபெயர்ப்பு ஒரு மரக்கால் என்கிறது. மூலத்தில் இருப்பது எப்பா. அதற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மதிப்பு சுமார் 22 லிட்டர். மதராஸ் மரக்காலை வைத்துக் கணக்குப்போட்டால் பாவம், அந்தப் பெண் நாள் முழுக்கக் குனிந்து உழைத்ததில் பாதியளவுதான் கைக்கு வரும்.

முகத்தலிலிருந்து எடைக்குப் போகச் சில இடங்களில் பழைய எழுத்தாளர்களே வழிகாட்டுகிறார்கள். எடை குறைந்த கோதுமை மோடியஸுக்கு 20 லிப்ரா நிறுக்கும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். 20 லிப்ரா 6.55 கிலோ. மோடியஸ் 8.7 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 0.75 கிலோ வருகிறது. இன்றைக்கு ஒரு லிட்டர் கோதுமையை அளந்து தராசில் வைத்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். ரோம் நகரில் மாதம் 5 மோடியஸ் கோதுமை வழங்கினார்கள் என்று படிக்கும்போது, தயங்காமல் 33 கிலோ என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த கண்ணி பணம். தாலந்து, மினா, சேக்கல் மூன்றும் எடையாகவும் இருந்தன, பணமாகவும் இருந்தன. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறி பாப்பிரஸ் என்ற நாணல்தாள் ஆவணம் இதற்கு நல்ல உதாரணம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், சேரநாட்டு முசிறியிலிருந்து ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் எகிப்துக்குப் போன சரக்கின் கணக்கு அதில் இருக்கிறது. யானைத்தந்தத்தின் எடை தாலந்திலும் மினாவிலும் வருகிறது. சரக்கின் மதிப்பும் தாலந்தில்தான் வருகிறது: 1,154 தாலந்து, 2,852 திராக்மா. இந்த இரண்டாவது தாலந்தைக் கிலோவாக மாற்றினால் அபத்தம். 6,000 திராக்மா ஒரு தாலந்து என்பதால், 1,154-ஐ 6,000-ஆல் பெருக்கி 2,852-ஐக் கூட்டி, 69,26,852 திராக்மா என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கிரேக்கரின் காசான திராக்மாவோ ரோமானியரின் வெள்ளிக்காசான தெனாரியஸோ நின்றால் பெரும்பாலும் பணக்கணக்கு. பொன், தந்தம், தைலம் என்று பொருளின் பெயர் நின்றால் எடைக்கணக்காக இருக்கலாம்.

மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் உவமையில் ஒரு வேலைக்காரன் பட்ட பதினாயிரம் தாலந்துக் கடனும் இப்படித்தான். அதை 340 டன் வெள்ளி என்று எழுதுகிறவர்கள் உண்டு. வாசகருக்கு அதனால் எதுவும் விளங்காது. ஒரு தாலந்து 6,000 தெனாரியஸ்; மத்தேயு 20-இன்படி ஒரு தெனாரியஸ் ஒரு நாள் கூலி. ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டு. அந்த வேலைக்காரன் பிறகு கழுத்தைப் பிடித்து நெரிக்கும் ஆள் அவனுக்குத் தர வேண்டியது நூறு நாள் கூலி. கிராமுக்கு மாற்றாமலே உவமை நிற்கிறது.

இரண்டாவது, யாருடைய கல்?

எடைதான் என்று உறுதியானதும் ஊரையும் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய உலகத்தில் எல்லா ஊருக்கும் பொதுவான கல் என்று ஒன்று இருந்ததில்லை. மினா என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்வோம். பாபிலோனில் அது 60 சேக்கல், சுமார் 500 கிராம். ஏதென்ஸில் 100 திராக்மா, சுமார் 430 கிராம். கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், எருசலேம் ஆலயத்தை ரோமானியத் தளபதி கிராஸஸ் சூறையாடிய கதையைச் சொல்லும்போது, தங்கள் மினா இரண்டரை லிப்ரா என்று ரோமானிய வாசகருக்காக விளக்குகிறார். அதன்படி 818 கிராம். அவர் சொல்லும் 300 மினாத் தங்க உத்திரம் 245 கிலோ என்று வரும்; பாபிலோன் கல்லை எடுத்திருந்தால் 150 கிலோதான்.

நூலாசிரியரே இப்படி ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தால், உங்கள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தக் காலத்து ஆள்.

எபிரெய எடைகள்

பழைய ஏற்பாட்டுக்கு ஒரே ஓர் எண்ணை மனப்பாடம் செய்தால் போதும்: ஒரு சேக்கல் 11.4 கிராம். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைக்கிறது.

இந்த எண் எங்கிருந்து வந்தது? எருசலேம், லாகீஸ், ஆராத் போன்ற யூதேயா ஊர்களில் தோண்டியபோது, அடி தட்டையாகவும் மேலே குமிழாகவும் செதுக்கிய சிறு சுண்ணாம்புக்கற்கள் நிறையக் கிடைத்தன. கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எடைக்கற்கள் அவை. உச்சியில் ஒரு சுழிக்குறியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் வெட்டியிருக்கும். நிறுத்துப் பார்த்தால் சேக்கலுக்கு 11.3 முதல் 11.4 கிராம் வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 4 சேக்கல் கல்லில் 5 என்றும், 8 சேக்கல் கல்லில் 10 என்றும் எகிப்திய எண்வடிவத்தில் பொறித்திருக்கிறார்கள். காரணம், எகிப்தியரின் கெதெத் 9.1 கிராம். அதில் பத்து சேர்ந்தது ஒரு தெபென், 91 கிராம். 8 சேக்கலும் அதே 91 கிராம். எகிப்து வியாபாரியோடு கொடுக்கல் வாங்கல் செய்யும்போது கல்லை மாற்றாமலே இரண்டு கணக்கும் சரியாக வரும். நமக்கோ இது சரிபார்க்கும் வழி: 91-ஐ 8-ஆல் வகுத்தால் 11.4.

சேக்கலுக்கு மேலும் கீழும் உள்ளவற்றை வேதாகமமே சொல்லிவிடுகிறது. யாத்திராகமம் 30:13-இன்படி ஒரு சேக்கல் 20 கேரா. எனவே கேரா 0.57 கிராம். பெக்கா என்பது அரைச்சேக்கல், 5.7 கிராம். தாலந்துக்கு நேரடி வாய்பாடு எங்கும் இல்லை. ஆனால் யாத்திராகமம் 38-ஐக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் வெளியே வரும். 6,03,550 பேர் ஆளுக்கு அரைச்சேக்கல் கொடுத்தார்கள். சேர்ந்தது 100 தாலந்தும் 1,775 சேக்கலும். 6,03,550-இல் பாதி 3,01,775. அதில் 1,775 போக மீதி 3,00,000. அது 100 தாலந்து என்றால், ஒரு தாலந்து 3,000 சேக்கல். கிராமில் 34,200, கிலோவில் 34. இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு மறக்காது.

அதே அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்குச் செலவான பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்று வருகிறது. இப்படிக் கலந்து வரும்போது எல்லாவற்றையும் சின்ன அலகுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பெருக்குவதே நல்லது. 29-ஐ 3,000-ஆல் பெருக்கினால் 87,000. அதோடு 730 சேர்த்து 87,730 சேக்கல். 11.4-ஆல் பெருக்கினால் 10,00,122 கிராம். ஏறத்தாழ ஒரு டன் பொன்.

மினாதான் தொல்லை. பொதுவாக 50 சேக்கல் என்று வைத்துக்கொள்வார்கள்; அப்படியானால் 570 கிராம். எசேக்கியேல் 45:12-இல் மினாவுக்குச் சொல்லப்படும் சேக்கல்களைக் கூட்டினால் 60 வருகிறது. சாலொமோன் செய்வித்த பொற்கேடகங்களைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 10:17-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று மினா; பழைய தமிழில் மூன்று இராத்தல். 2 நாளாகமம் 9:16-இல் அதே கேடகத்துக்கு 300 சேக்கல். முதல் இடத்தில் 50 கணக்கைப் போட்டால் 1.7 கிலோ. இரண்டாம் இடத்தின்படி 3.4 கிலோ. இரட்டிப்பு வித்தியாசம். இரண்டு நூல்களுக்கும் இடையில் கல் மாறியிருக்கலாம், அல்லது நாளாகமக்காரர் அரைச்சேக்கல் கணக்கில் எண்ணியிருக்கலாம். இங்கே ஒரே விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுவது நேர்மையல்ல. இரண்டையும் போட்டு, எந்த வசனத்திலிருந்து எது வந்தது என்று சொல்லிவிடுங்கள்.

'ராஜாவின் நிறை', 'பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல்' என்றெல்லாம் அடைமொழி வந்தால் உஷாராகுங்கள். சந்தைக் கல்லிலிருந்து அது வேறுபட்டது என்பதற்காகத்தான் எழுதியவர் அடைமொழி போட்டிருக்கிறார். அப்சலோம் ஆண்டுக்கு ஒருமுறை சிரைத்த தலைமயிர் ராஜாவின் நிறைப்படி 200 சேக்கல். 11.4 வைத்தால் 2.3 கிலோ மயிர். நம்பக் கஷ்டம்தான். அதற்காக, நம்பும்படி இருக்க வேண்டுமே என்று கல்லின் எடையை நாமாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

புதிய ஏற்பாட்டுக் காலத்துக்கு வந்துவிட்டால் 11.4-ஐ மறந்துவிடுங்கள். அப்போது எருசலேம் ஆலய வரிக்குச் செல்லுபடியான காசு தீரு பட்டணத்தில் அடித்த வெள்ளிச் சேக்கல். சுமார் 14 கிராம். யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு இந்த வகை என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் சுமார் 420 கிராம் வெள்ளி.

ரோமானிய எடைகள்

எபிரெயத்தை விட ரோம் எளிது. பேரரசு முழுக்க ஒரே லிப்ராவைப் பரப்ப அரசு முயன்றது. சில துலாக்கோல்களில் ரோம் நகரின் காஸ்டர் கோயில் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது என்று முத்திரையே இருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டிய எண் 327. புத்தகங்களில் 327.45 என்று பார்ப்பீர்கள். அது பழைய ஜெர்மன் அறிஞர்கள் நாணயங்களை நிறுத்துப் பெற்ற சராசரி. கிடைத்திருக்கும் கற்களும் காசுகளும் 322 முதல் 329 வரை காட்டுகின்றன. பிற்காலத்தில், பைசாந்தியப் பேரரசின் காலம் நெருங்க நெருங்க, கல் இன்னும் சற்று இளைத்தது.

ரோமானியருக்கு எல்லாம் பன்னிரண்டு. ஒரு லிப்ரா 12 உன்சியா, உன்சியா 27.3 கிராம். ஓர் உன்சியாவில் 24 ஸ்க்ரூபுலம், ஒன்று 1.14 கிராம். மருந்துக் குறிப்புகளில் வருவது பெரும்பாலும் இதுதான். ஒரு ஸ்க்ரூபுலத்தில் 6 சிலிக்குவா, ஒன்று 0.19 கிராம். நம் பொற்கொல்லருக்குக் குன்றிமணி எப்படியோ அப்படி அவர்களுக்குச் சிலிக்குவா; கரோப் மரத்தின் விதை அது. பேரரசர் கான்ஸ்டன்டைன் அடித்த சாலிடஸ் தங்கக்காசு லிப்ராவுக்கு 72. அதாவது காசு ஒன்று 4.55 கிராம், 24 விதை எடை. நகைக்கடையில் இன்றும் 24 காரட் தங்கம் என்கிறோமே, அந்த 24-இன் வேர் இங்கே இருக்கிறது.

பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. செமிஸ் அரை, திரியென்ஸ் மூன்றில் ஒன்று, குவாட்ரன்ஸ் கால், செக்ஸ்டன்ஸ் ஆறில் ஒன்று, பெஸ் மூன்றில் இரண்டு, தோத்ரன்ஸ் முக்கால். எல்லாவற்றையும் உன்சியாவாக்கிவிட்டால் குழப்பம் தீர்ந்தது: முறையே 6, 4, 3, 2, 8, 9.

அருங்காட்சியகத்தில் ரோமானிய வெள்ளித்தட்டு ஏதாவது பார்த்தால் அடிப்பக்கப் படத்தைத் தேடுங்கள். செய்தவரோ உடைமைக்காரரோ எடையைக் குத்திவைத்திருப்பார். லத்தீன் பி எழுத்து 'எடையில்' என்பதற்கு. அதன்பின் நெடுங்கோடுகள் லிப்ராவின் எண்ணிக்கை. எஸ் எழுத்து அரை லிப்ரா. புள்ளிகளோ படுக்கைக்கோடுகளோ உன்சியா. பி எழுத்து, இரண்டு நெடுங்கோடு, ஓர் எஸ், மூன்று புள்ளி என்று இருந்தால் இரண்டு லிப்ரா, ஆறு உன்சியா, மூன்று உன்சியா. மொத்தம் 33 உன்சியா. 27.3-ஆல் பெருக்கினால் 900 கிராம். தட்டை இன்றைய தராசில் வைத்து 880 வந்தால் பதறாதீர்கள். இருபது நூற்றாண்டுத் தேய்மானமும் துலக்கலும் அதில் போயிருக்கும்.

ரோமானியக் காசுகளுக்கு எடை எழுதும்போது ஆண்டைப் பார்க்காமல் எழுதக் கூடாது. தெனாரியஸ் குடியரசின் பிற்காலத்தில் லிப்ராவுக்கு 84, அதாவது 3.9 கிராம். கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ அதை 96 ஆக்கினார், 3.4 கிராமுக்கு இறங்கியது. அவுரியஸ் தங்கக்காசு சீசர் காலத்தில் லிப்ராவுக்கு 40, அதாவது 8.2 கிராம், நீரோவுக்குப் பின் 45, அதாவது 7.3 கிராம். இயேசுவின் காலத்துத் தெனாரியஸுக்கு 3.4 என்று போடுவது பரவலான தவறு. அது ஒரு தலைமுறை முந்திப் போடுகிற எண்.

சில கேள்விகளுக்குக் கிராமே தேவைப்படாது. கருமிளகு லிப்ரா 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று பிளினி விலை சொல்கிறார். கருமிளகு முசிறி வழியாகப் போன சரக்குதான். அவர் எழுதிய காலத்தில் 96 தெனாரியஸ் ஒரு லிப்ரா. எனவே ஒரு லிப்ரா மிளகுக்குக் கொடுத்த காசு, லிப்ராவில் 24-இல் ஒரு பங்கு. 24 எடை மிளகுக்கு ஒரு எடை வெள்ளிக்காசு. லிப்ரா 322 கிராமாக இருந்தாலும் 329 ஆக இருந்தாலும் இந்த விகிதம் அசையாது. இப்படி ஒரு வழி இருக்கும்போது அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கிலோ விலை வேண்டுமென்றால் 4-ஐ 0.327-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 12 தெனாரியஸ் சொச்சம்.

இராத்தல் என்று கண்டால்

தமிழில் வேதாகமம் படிக்கிறவர்களுக்கென்று இது. பழைய மொழிபெயர்ப்பில் இராத்தல் என்பது மூன்று வெவ்வேறு அலகுகளுக்கு நிற்கிறது. பழைய ஏற்பாட்டில் வந்தால் எபிரெய மினா. லூக்கா 19-இல் பிரபு ஊழியக்காரருக்குக் கொடுத்த பத்து ராத்தல் திரவியம் கிரேக்க மினா. அது பணம், ஒன்று நூறு நாள் கூலி. யோவானில் வந்தால் மட்டும் ரோமானிய லிப்ரா. அங்கே இரண்டு இடம். ஒன்று, தொடக்கத்தில் சொன்ன நிக்கொதேமு. மற்றது 12-ஆம் அதிகாரத்தில் மரியாள் கொண்டுவந்த ஒரு இராத்தல் நளத தைலம். 327 கிராம், சின்னத் தண்ணீர் பாட்டிலில் அடங்கும். அதன் விலை 300 தெனாரியஸ் என்று யூதாஸ் முணுமுணுக்கிறான். கிராமுக்கு ஒரு நாள் கூலி, ஏறத்தாழ. நளதம் இமயமலைச் செடி. ஹெர்மாபொல்லோன் கப்பலிலும் கங்கை நளதம் ஏற்றியிருந்தது. விலை ஏன் அப்படி இருந்தது என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம்.

புதிய மொழிபெயர்ப்புகளில் கிலோவே போட்டிருந்தால், அதை மறுபடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூல அலகு என்ன என்று மட்டும் அடிக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை இலக்கம் எழுதலாம்?

கோலியாத்தின் கவசம் 5,000 சேக்கல். 11.4-ஆல் பெருக்கினால் 57 கிலோ. 11.33 என்று வைத்தால் 56.65. 'ஏறத்தாழ 57 கிலோ' என்பதோடு நிறுத்துங்கள். 5,000 என்பதே முழுதாக்கிய எண், அதிலிருந்து 56.65 என்று எழுதினால், கவசத்தை நாமே கழற்றித் தராசில் வைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு இலக்கம் போதும். எபிரெய எடை என்றால் நூற்றுக்கு நாலைந்து விழுக்காடு, ரோமானிய எடை என்றால் ஒன்றிரண்டு விழுக்காடு முன்பின் இருக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி 56699.04625 என்று காட்டினால் அது கருவியின் கூத்து.

முழுதாக்குவதைக் கடைசியில் செய்யுங்கள். சேக்கலை 11 என்று முதலிலேயே சுருக்கிவிட்டுத் தாலந்துக்குப் போனால் 33 கிலோ வரும். சாலொமோனின் 666 தாலந்துக்குப் போகும்போது அந்தச் சின்னச் சுருக்கம் 800 கிலோ பொன்னை விழுங்கியிருக்கும்.

விடை வந்ததும் அந்தப் பொருளைக் கண்ணெதிரே நிறுத்திப் பாருங்கள். கோலியாத்தின் ஈட்டிமுனை 600 சேக்கல், 6.8 கிலோ. ஆள் அந்த அளவுக்குப் பெரியவன் என்பதுதான் கதை, சரி. ஆகான் ஒளித்துவைத்த பொன்பாளம் 50 சேக்கல், 570 கிராம். கூடாரத்தில் புதைக்கக்கூடியது, சரி. 2 சாமுவேல் 12:30-இல் தாவீதின் தலையில் வைக்கப்பட்ட அம்மோனிய கிரீடம் ஒரு தாலந்து. 34 கிலோவைக் கழுத்து தாங்குமா? கணக்கில் பிசகு இல்லை. அது முதலில் ஒரு சிலையின் தலையில் இருந்திருக்கலாம் என்று உரைகாரர்கள் சொல்வது இந்த எடையையும் வைத்துத்தான். விடை விசித்திரமாக இருந்தால் முதலில் உங்கள் கல்லைச் சந்தேகியுங்கள். கல் சரியென்றால், அந்த வசனத்தை இன்னொரு முறை படியுங்கள்.

கைப்பழக்கத்துக்கு ஒன்று

கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், விலகிப்போக வாங்கிய கப்பத்தை சோசிமஸ் என்ற வரலாற்றாசிரியர் பட்டியலிடுகிறார்: 5,000 லிப்ரா பொன், 30,000 லிப்ரா வெள்ளி, 4,000 பட்டு அங்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய 3,000 தோல், 3,000 லிப்ரா மிளகு. மேற்கொண்டு படிக்குமுன் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஊர் ரோம், காலம் பிந்தியது, ஆகவே 327-ஐ மேல்வரம்பாகவும் 322-ஐக் கீழ்வரம்பாகவும் எடுக்கலாம். பொன் 1,610 முதல் 1,635 கிலோ, 'சுமார் 1.6 டன்' என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். வெள்ளி 9.7 முதல் 9.8 டன். மிளகு 966 முதல் 981 கிலோ; ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அங்கிகளும் தோல்களும் எண்ணிக் கொடுத்தவை. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.